மருந்துக்கு முன் ஒரு வரைபடம்: சிலந்திப்பேனைத் தேடிப் பிடித்த பருவம்

பீன்ஸ் வரிசைகளின் மேற்கு ஓரத்தில் இலைகள் வெளிற ஆரம்பித்திருந்தன. மேல்புறம் பொடிப்பொடியாக வெளுத்த புள்ளிகள். இலையைத் திருப்பினால் நடுநரம்பை ஒட்டி மெல்லிய நூலாம்படை, அதில் சிக்கிய தூசி. சந்தேகமே வேண்டாம், சிலந்திப்பேன். செஞ்சிலந்தி என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் இங்கே இருந்தவை வெளிர்பச்சை, முதுகின் இரு பக்கமும் கருந்திட்டு வைத்தவை. அந்தத் திட்டு தோலின் நிறம் இல்லை. உறிஞ்சிய இலைச்சாறு வயிற்றில் தங்கி வெளியே தெரிவது. இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன், அறிவியல் பெயர் டெட்ராநைக்கஸ் அர்ட்டிகே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடியினங்களில் வாழக்கூடியது.

இதைப் பார்த்தவுடன் யாருக்கும் கை ஸ்பிரேயரைத்தான் தேடும். டேங்கை நிரப்பி, முழு நிலத்துக்கும் ஒரு சுற்று அடித்தால் மனசு ஆறும். நான் முதலில் எடுத்தது நோட்டும் பென்சிலும். பேன் எங்கே இருக்கிறது, அதைவிட முக்கியமாக எங்கே இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் டேங்கைத் தொடுவதில்லை என்று முடிவு. அதன்பின் செய்த வேலை எல்லாமே அந்த வரைபடத்தை வைத்துத்தான்.

இலையைத் திருப்பிப் பார்ப்பது

பெரிய பெண் பேனே அரை மில்லிமீட்டர் இருக்காது. கண்ணுக்குத் தெரியும், ஆனால் என்னவென்று தெரியாது. 10 மடங்கு கைலென்ஸ் போதும், 20 மடங்கு இருந்தால் முட்டையும் தெளிவாகத் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு இலையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். லென்ஸைக் கையில் நீட்டிப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அதில் பாதி தெரியாது. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் நல்லது.

முட்டை உருண்டையாக, பளிங்குத் துளியாக இருக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க வைக்கோல் நிறத்துக்கு வரும். பொரித்து வருவதற்கு ஆறு கால்தான். அதன்பின் தோல் உரித்து உரித்து எட்டுக்கால் ஆகும். உரித்த தோல்கள் வெள்ளைச் சருகாக அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இது கவனிக்க வேண்டிய விஷயம்: தோல் நிறைய, உயிரோடு உள்ளவை குறைவு என்றால் பிரச்சினை போன வாரத்தினுடையது. முட்டை நிறைய, தோல் குறைவு என்றால் அடுத்த வாரத்தினுடையது. வெளுத்த புள்ளியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஏனென்றால் சாறு போன செல்கள் திரும்பப் பச்சையாகாது, பேன் செத்த பிறகும் புள்ளி அப்படியே நிற்கும்.

30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். 20 டிகிரியில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஒரு பெண் நூறு முட்டைக்கு மேலும் இடக்கூடும். இணைசேராமலும் இடும்; அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டும் வரும். அதாவது ஒற்றைப் பெண் பேன் ஒரு செடியில் இறங்கினாலே ஒரு கூட்டம் தொடங்கிவிடலாம். அது பெற்ற ஆணே அதற்கு இணையாகும்.

குச்சியும் கட்டமும்

நிலத்தை நடை தூரத்தில் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு குச்சி நட்டு எண் எழுதினேன். ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் பத்துச் செடி, செடிக்கு ஒரு இலை. இலையை எங்கே எடுப்பது என்பதில் ஒழுங்கு வேண்டும்: செடியின் நடு உயரத்தில், முழுதாக விரிந்த இலை. ஒரு தடவை அடியிலை, அடுத்த தடவை கொழுந்து என்று எடுத்தால் இரண்டு வாரக் கணக்கை ஒப்பிடவே முடியாது.

பேனை எண்ணவில்லை. பத்து இலையில் எத்தனை இலையில் உயிருள்ள பேன் இருக்கிறது, இருக்கு அல்லது இல்லை, அவ்வளவுதான். எண்ண உட்கார்ந்தால் நாலு இலைக்குள் கண் பூத்துப்போகும், மீதி நிலம் பார்க்காமலே போய்விடும். இப்படிப் பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை. ஆஸ்திரேலியப் பருத்தியில் சிலந்திப்பேனுக்கு இதே முறைதான்: பேன் உள்ள செடிகள் 30 சதவீதத்தைத் தொட்டு ஏறிக்கொண்டே போனால்தான் மருந்தைப் பற்றி யோசிப்பார்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி: அதே இலைகளில் இரைப்பேன் தெரிந்ததா என்று.

இரைப்பேன் என்று நான் சொல்வது பேனைத் தின்னும் பேனை. அதுவும் எட்டுக்கால், கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் உடல் பேரிக்காய் வடிவம், பளபளப்பு, கருந்திட்டு கிடையாது. லென்ஸில் பார்க்கும்போது ஒரு குறுக்குவழி: மெதுவாக நகர்வது அல்லது நிற்பது பயிர்ப்பேன், விறுவிறுவென்று ஓடுவது இரைப்பேன். முட்டையும் வேறு. பயிர்ப்பேனின் முட்டை உருண்டை, இரைப்பேனின் முட்டை நீள்வட்டம், சற்றுப் பெரிது. எந்த இனம் என்று பிரிக்க நுண்ணோக்கி வேண்டும். வேலைக்கு அது தேவையில்லை.

கட்டங்களை நோட்டில் வரைந்து, எண்ணுக்கு ஏற்பப் பென்சிலால் அடர்த்தியாகத் தீட்டினேன். தீட்டி முடித்தபோது நிலத்தின் பெரும்பகுதி வெள்ளையாகவே இருந்தது. கருப்பு இரண்டு இடத்தில்தான். ஒன்று மேற்கு ஓரம், குதிரைமசால் தீவனத் துண்டை ஒட்டி. இன்னொன்று வடக்கே, மண்பாதையை ஒட்டிய கத்தரி வரிசை. நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் தனியாகக் கருத்திருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே சொட்டுநீர்க் குழாயில் துளை அடைத்து, நாலு செடி வாடி நின்றிருந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள செடியில் பேன் வேகமாகப் பெருகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். துளையைக் குத்தி விட்டதோடு அந்தக் கட்டத்தின் வைத்தியம் முடிந்தது.

தீவனத் துண்டு

மேற்கு ஓரத்தின் கதைதான் சுவாரஸ்யம். குதிரைமசாலில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பேன் இருந்தது, ஆனால் பயிரை அழிக்கும் அளவுக்கு இல்லை. அடிக்கடி அறுவடையாகும் தீவனத்தில் அது பெருகி உச்சத்துக்குப் போகுமுன் அரிவாள் வந்துவிடுகிறது. சிக்கல் அறுத்த பிறகுதான். அறுத்துக் காயப்போட்ட தட்டை வாட வாட, அதிலுள்ள பேன் கூட்டமாகக் கிளம்பும். ஊர்ந்தும் வரும், காற்றிலும் வரும். சிலந்திப்பேனுக்கு இறக்கை கிடையாது. உணவு தீர்ந்ததும் செடியின் நுனிக்கு ஏறி மொய்த்து, அங்கிருந்து நூலோடு காற்றில் போகும். காற்று மேற்கிலிருந்து, கிழக்கே முதல் வரிசை பீன்ஸ். வரைபடத்தில் கருப்பு அங்கே விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

தீவனத்தில் மருந்து அடிக்கிற பேச்சே இல்லை, மாடு தின்பது. அறுவடை முறையைத்தான் மாற்ற வேண்டும். ஒரே வீச்சில் முழுத் துண்டையும் அறுக்காமல் பட்டை பட்டையாக அறுத்தோம். ஒரு பட்டை வாடும்போது பக்கத்துப் பட்டை பச்சையாக நிற்கும். கிளம்புகிற பேனுக்குக் கிட்டத்திலேயே சோறு. அங்கே இரைப்பேனும் வண்டுகளும் காத்திருக்கும். பீன்ஸை ஒட்டிய பட்டையைக் கடைசியாக, பனி இருக்கும் காலையில் அறுத்து, அங்கேயே காயப்போடாமல் உடனே அப்புறப்படுத்தினோம். அறுத்த இடத்துக்கு அன்றே தண்ணீர். களை விஷயத்திலும் இதே கணக்குதான். பேன் பிடித்த வரப்புக் களையைக் கொத்திப் போட்டுக் காய விடுவது, பயிருக்குப் பேனை நாமே அனுப்பி வைப்பதற்குச் சமம். கொத்தினால் அள்ளிவிட வேண்டும். அள்ள ஆள் இல்லையென்றால் பச்சையாக நிற்பதே மேல்.

பாதையோரக் கத்தரிக்குக் காரணம் புழுதி. தூசி படிந்த இலையில் இரைப்பேனுக்கும் சின்னஞ்சிறு ஸ்டெத்தோரஸ் வண்டுக்கும் வேட்டை நடக்காது, பயிர்ப்பேன் நூலாம்படைக்குள் சுகமாக இருக்கும். பாதைக்குத் தண்ணீர் தெளித்ததும், ஓரத்தில் உயரமான தீவனச் சோளம் இரண்டு வரிசை விதைத்ததும்தான் அங்கே செய்த முக்கிய வேலை. இலையைக் கழுவியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாசிலை மேல்நோக்கித் திருப்பியது

கழுவுவதென்றால் இலையின் அடிப்புறத்தை. இங்கேதான் சாதாரண ஸ்பிரேயர் கைவிடுகிறது. நுனி கீழ்நோக்கிப் பார்ப்பதால் நனைவதெல்லாம் மேல்புறம். நிரூபிக்க ஒரு எளிய வழி இருக்கிறது: தண்ணீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் சோதனைத் தாள். அதைச் சிறு துண்டாக வெட்டி இலையின் அடியில் பின் செய்துவிட்டு, வழக்கம்போல் அடித்துப் பார்த்தேன். மேல்புறத் தாள் முழு நீலம். அடிப்புறத் தாள் ஓரத்தில் இரண்டு பொட்டு, மற்றதெல்லாம் மஞ்சள். பேன் குடியிருப்பது அந்த மஞ்சளில்.

ஸ்பிரேயரின் லான்ஸ் குழாயின் நுனியைக் கழற்றி, நாசிலுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு பித்தளை வளைவுத் துண்டு போட்டு, நாசில் மேல்நோக்கிச் சாய்வாக நிற்கும்படி வைத்தேன். மரையில் டெஃப்லான் டேப் மூன்று சுற்று. ரப்பர் வாஷரை மறந்தால் அழுத்தம் ஏற ஏற மரை வழியே ஒழுகும், அதுவும் கை மேல். தட்டைத் தெளிப்பு நாசிலை எடுத்துவிட்டு வெற்றுக்கூம்பு நாசில் போட்டேன். அடர்ந்த இலைக்குள் அதன் துளிகள் சுழன்று நுழையும். நடக்கும்போது லான்ஸைச் செடியின் அடிக்குள் விட்டு, கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டே போக வேண்டும். வேகம் பாதியாகும். மறுபடி தாள் வைத்துப் பார்த்தால் அடிப்புறம் நெருக்கமான நீலப் பொட்டுகள்.

வெறும் தண்ணீரை இப்படி அழுத்தத்தோடு அடித்ததிலேயே பாதையோரக் கட்டங்கள் வரைபடத்தில் கணிசமாக வெளுத்தன. நூலாம்படை கிழிகிறது, பேன் கழுவப்படுகிறது, தூசி போகிறது. காலையில் செய்தால் இலை மதியத்துக்குள் காய்ந்துவிடும். மாலையில் நனைத்தால் பூஞ்சைக்கு வழி.

இரைப்பேன் குடிபெயர்ப்பு

வரைபடத்தின் இரண்டாவது பத்தி, அதாவது இரைப்பேன் பத்தி, இன்னொன்றையும் காட்டியது. கிழக்கு மூலையில் எந்த மருந்தும் படாத, களை கலந்த பீன்ஸ் இருந்தது. அங்கே பயிர்ப்பேன் கொஞ்சம், இரைப்பேன் ஏராளம். மேற்கு ஓரத்தில் நேர்மாறு. கிழக்கிலிருந்து இலைகளைப் பறித்து, லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓடுகிறவை உள்ள இலைகளை மட்டும் மேற்கு ஓரச் செடிகளின் கவட்டில் செருகினேன். பறித்த இலையை வெயிலில் வைக்காமல் ஈரத்துணி மூடிய தட்டில் கொண்டுபோக வேண்டும். இரைப்பேனுக்கு ஈரப்பதம் முக்கியம், காற்று வறண்டால் அதன் முட்டை சுருங்கிப்போகும். செருகுவதும் மாலையில்தான்.

இந்த வேலைக்காகவே வளர்த்து விற்கப்படும் பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் என்ற இரைப்பேன் உண்டு. சிலி நாட்டிலிருந்து ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஜெர்மனிக்கு வந்து, 1950களின் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது. சிலந்திப்பேனைத் தவிர வேறெதையும் பெரிதாகத் தொடாது. வளர்ந்த பெண் ஒரு நாளில் இருபது முட்டை வரை காலி செய்யும். கண்ணாடிக் குடில் சாகுபடியில் இதன் செல்வாக்கு பெரிது. திறந்த நிலத்தில், அதுவும் வறண்ட காற்றில், ஏற்கெனவே அங்கு வாழ்ந்து பழகிய இரைப்பேன்களே மேல் என்பது என் எண்ணம்.

ஒரு இரைப்பேனுக்குப் பத்துப் பயிர்ப்பேனுக்குள் இருந்தால் மருந்து வேண்டாம், அவையே பார்த்துக்கொள்ளும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மேற்கு ஓரத்தில் அந்த விகிதம் வரப் பொறுமை தேவைப்பட்டது. இடையில் இலைகள் இன்னும் வெளுத்தன. புள்ளியை நம்பாமல், உயிருள்ள பேன் எத்தனை இலையில் என்ற எண்ணை நம்பியதால்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிந்தது.

மருந்து அடித்த கட்டங்கள்

வடமேற்கு முனையில், ஓடையும் பாதையும் சந்திக்கிற இடத்தில், எண் ஏறிக்கொண்டே போனது. அங்கே மட்டும், சுற்றிலும் ஒரு வரிசை கூடுதலாக, நனையும் கந்தகத்தூள். பொட்டலத்தில் சொன்ன அளவுதான், கைக்கணக்கு இல்லை. கந்தகத்துக்கு இரண்டு நிபந்தனை. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் வேளையில் அடித்தால் இலை கருகும். எண்ணெய்க் கரைசல் அடித்து இரண்டு வாரம் ஆகாத செடியிலும் அப்படியே. பூசணி, வெள்ளரி இனப் பயிர்கள் பல கந்தகத்தையே தாங்காது. இரைப்பேனுக்கும் அது ஓரளவு கேடு. அதனால்தான் இலை செருகிய கட்டங்களில் கந்தகம் போடவில்லை.

வாங்கி வைத்திருந்தவற்றில் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்தும் இருந்தது. புழுவுக்கு நல்லது. சிலந்திப்பேன் உள்ள நிலத்தில் அதை அடிப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை: இரைப்பேனும் வண்டும் முதலில் சாகும், தப்பிய பயிர்ப்பேன் கலைந்து புதுச் செடிகளுக்குப் பரவும். டிடிடி பரவலானபின் சிலந்திப்பேன் பெரிய தொல்லையாக எழுந்ததற்குப் பின்னாலும் இதே கதைதான். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து போட்ட செடிகளில் சிலந்திப்பேன் கூடியதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

பேனுக்கென்றே உள்ள மருந்துகள் தேவைப்பட்டால், டப்பாவில் பெயரைவிடக் குழு எண்ணைப் பார்ப்பது நல்லது; மருந்து பேனை எப்படித் தாக்குகிறது என்பதை வைத்துப் பிரித்த எண் அது. அபாமெக்டின் ஒரு குழு. ஸ்பைரோமெசிஃபென் வேறு. ஃபெனசாகுயினும் ஃபென்பைராக்சிமேட்டும் பெயர் வேறு, குழு ஒன்றே; இதை அடித்து அடுத்த முறை அதை அடித்தால் மாற்றி அடித்ததாக அர்த்தமில்லை. ஹெக்சிதையசாக்சும் எடாக்சசோலும் அப்படித்தான், இரண்டும் முட்டையையும் குஞ்சையும் தாக்குபவை, வளர்ந்த பேனைக் கொல்லாது. அடித்த மறுநாள் வந்து பேன் நடமாடுவதைப் பார்த்து மருந்து சரியில்லை என்று திட்டினால் அது மருந்தின் குற்றம் இல்லை. மறுபக்கம், வளர்ந்ததைக் கொல்லும் பல மருந்துகள் முட்டையைத் தொடாது. முட்டை பொரிக்கும் இடைவெளி விட்டு இலையைத் திருப்பிப் பார்த்த பிறகே இரண்டாவது தெளிப்பைத் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பேன் 90க்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகளுக்கு எங்கேயாவது எதிர்ப்புக் காட்டியிருக்கிறது. ஆக, முழு நிலத்துக்கும் ஒரே மருந்தை அடிப்பதென்பது எதிர்ப்புள்ளவற்றைப் பொறுக்கி எடுத்து வளர்ப்பதுதான். வெள்ளைக் கட்டங்களை மருந்து படாமல் விட்டதில் இந்த லாபமும் உண்டு: அங்கே எதிர்ப்பில்லாத பேன்கள் மிஞ்சி நிற்கும்.

இடையில் ஒரு குழப்பம். மிளகாய்ச் செடி சிலவற்றில் கொழுந்திலை கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு நின்றது. நூலாம்படை இல்லை, புள்ளியும் இல்லை. இது சிலந்திப்பேன் இல்லை, அகலப்பேன். 0.2 மில்லிமீட்டர்தான், கைலென்ஸிலும் கஷ்டம். அதன் முட்டையில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக இருக்கும், 20 மடங்கில் அதைத்தான் தேட வேண்டும். இலைப்பேன் என்கிற த்ரிப்ஸ் தாக்கினால் இலை மேல்நோக்கிச் சுருளும். அகலப்பேன் என்றால் கீழ்நோக்கி. அகலப்பேன் வெள்ளைஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிவிட்டுச் செடி பயணம் செய்யும், ஓரத்திலிருந்து உள்ளே பரவுகிற சிலந்திப்பேன் வரைபடம் அதற்குப் பொருந்தாது. பேன் என்று ஒரே சொல்லில் சொன்னாலும், பரவும் வழி வேறென்றால் வைத்தியமும் வேறு.

சிலந்திப்பேனுக்கு நேர் எதிரான உதாரணம் ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலத்தின் செங்கால் மண்பேன், ஹாலோடிடியஸ் டிஸ்ட்ரக்டர். தென்னாப்பிரிக்காவிலிருந்து போனது, 1917இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பன்பரியில் முதலில் பதிவானது. கருத்த உடல், சிவந்த கால். நம் சிலந்திப்பேன் வெயிலுக்குப் பிறந்தது. அது குளிருக்கும் ஈரத்துக்கும் பிறந்தது. கோடையை எப்படிக் கடக்கிறது தெரியுமா? வசந்தத்தின் முடிவில் பெண் பேன் தன் உடலுக்குள்ளேயே தடித்த முட்டைகளோடு செத்துப்போகும். அந்தச் செத்த உடல் மண்ணில் கிடந்து, இலையுதிர் காலத்தில் மழையும் குளிரும் சேர்ந்து வந்தால்தான் பொரிக்கும். அதனால் அங்கே டைம்ரைட் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: அந்தந்த இடத்துக்குக் கணித்த நாளில், கோடை முட்டை உருவாவதற்குச் சற்று முன், ஒரே தெளிப்பு. அடுத்த பருவத்துப் பேன் தொடக்கத்திலேயே குறைந்துவிடும். அங்கும் ஒரே வகை மருந்தை நம்பியதன் விலை வந்தது. 2006இல் பைரெத்ராய்டு எதிர்ப்பு கண்டறியப்பட்டது. எங்கே, எப்போது என்று பார்ப்பதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை; நாம் இடத்தை வரைகிறோம், அவர்கள் நாளை.

பீன்ஸ் காய்ப்பு முடிந்தது. முடிந்த கொடியை நிறுத்திக் காய விட்டால், குதிரைமசாலில் தடுத்த அதே வேலை இங்கே தொடங்கும். காய்கிற கொடியிலிருந்து கத்தரிக்குப் படையெடுப்பு. எனவே பச்சை இருக்கும்போதே, பனிக்காலையில், காற்றடிக்கும் பக்கத்து வரிசைகளை முதலில் அறுத்துச் சாக்கில் போட்டுக் கட்டினேன். இரைப்பேன் நிறைந்த கட்டங்களின் இலைகளை மட்டும் அறுப்பதற்கு முன் பறித்து, பாதையோரக் கத்தரியின் கவட்டுகளில் செருகியாயிற்று. சாக்குகள் ஈரச் சாணத்துக்கு அடியில் போயின. குச்சிகளைப் பிடுங்கவில்லை, அடுத்த பயிருக்கும் அதே எண், அதே கட்டம்.